கதைக் குழந்தையின் ஆண்டுக் கணக்கு

தோற்றுவாய்

கதையுள் வரும் குழந்தைக்கு ஆண்டு எவ்வாறு ஏறுகின்றது என்னும் வினா, முதற்கண் நோக்குவார்க்குச் சிறியதாகத் தோன்றும். புலவன் விரும்பியவாறு ஏற்றலாம். விரும்பாதவிடத்து நிறுத்தலாம் என்று விடை கூறி அமைவாரும் உளர். ஆயின், கதை கேட்கும் தாயொருத்தி, ‘அப்பிள்ளைக்கு இப்போது வயது என்ன?’ என்று இடைமறித்து வினவுவதை யாவரும் அறிவர். வயது தெரியாதவிடத்துக் குழந்தை மனத்தில் உருப்பெறுவதில்லை. அவ்வினாவிற்கு விடை பிழைபடுமாயின், கதையின் மேல் வைத்த நம்பிக்கையும் உடன் தளர்கின்றது.

இவ்வாராய்ச்சிக்கு வாயிலாக அமைந்தது வகுப்பில் எழுந்த வினா ஒன்று. எம்மிடம் பயிலும் முதுகலை மாணவருள் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்துத் தொழிற்பேட்டைக் குடும்பத்தினர் பலர். பெரியபுராணத்துப் பூம்பாவை வரலாற்றினைப் பாடம் கூறிய நாளில் அவருள் ஒருவர், ‘ஏழாண்டில் இறந்தவள் பன்னீராண்டினளாய் எழுந்தாள் என்பது, தொலைக்காட்சியின் அறிபுனைத் தொடர்களில் குழந்தைகள் திடீரென வளர்ந்துவிடுவது போன்றதுதானே?’ என்று வினவினார். நகைப்பதற்காகக் கேட்கப்பெற்ற வினா அன்று அது. அன்று விடை கூறுதற்கு எமக்கு இயலவில்லை. மேம்போக்காக நோக்குங்கால் இரண்டும் ஒன்று போலவே தோன்றுகின்றன. அவை ஒன்றுதாமோ, வேறோ என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொலைக்காட்சிக் குழந்தைகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழில் அறிபுனைத் தொடர்கள் மிகுதியாகத் தோன்றவில்லை. ஆதலின், மாணவர் கருத்திற் கொண்டவை பெரும்பாலும் மேலைநாட்டுத் தொடர்களே. அவற்றுள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் தொடர்வரிசையில் அலெக்சாண்டர் என்னும் சிறுவன் 1990இல் தோன்றுகின்றான். வார்ஃப் என்னும் போர்மறவனின் மைந்தன் அவன். 1997இல், அவ்வரிசையைச் சார்ந்த பிறிதொரு தொடரில், அவன் போர்க்கலத்தில் பணிபுரியும் வீரனாக வருகின்றான். கதைக்குள் குறிக்கப்பெற்ற ஆண்டுகளைக் கூட்டின் அவனுக்கு வயது எட்டளவே ஆகும். இடையில் அவ்வேடத்தைப் புனைந்தோர் மாறினர், வயதும் மாறியது. அவன் பிறந்த இனத்தார் விரைந்து வளர்பவர் என்று கொண்டு இரசிகர் அமைதி காண்பர். அவ்வரிசையின் ‘வாயேஜர்’ என்னும் தொடரில் நயோமி என்னும் பெண்மகவு 1996இல் பிறக்கின்றது. 1998இல் வினாவி விடையிறுக்கும் பள்ளிச் சிறுமியாக நிற்கின்றது. அதற்கும் தந்தையின் இனமே காரணமாகக் காட்டப்பெறுகின்றது.

இதற்கு மறுதலையான இடர்ப்பாடும் உண்டு. ‘லாஸ்ட்’ என்னும் தொடரின் முதலிரு தொகுதிகள் 2004 முதல் 2006 வரை ஒளிபரப்பாயின. அவற்றின் கதைக்காலமோ மூன்று திங்களினும் குறைவு. கதையில் ஒரு திங்கள் கழிவதற்குள், வால்ட் என்னும் சிறுவனாக நடித்தவர் ஓராண்டு வளர்ந்தார். இரண்டாம் தொகுதியின் முடிவில் அச்சிறுவன் தீவைவிட்டு அகற்றப்பெற்றான். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ என்னும் தொடரின் முதன்மைக் கதை, இறுதிப் பின்னுரைக் காட்சி நீங்கலாக, 1983இல் தொடங்கி 1987இல் முடிகின்றது. ஒளிபரப்போ 2016இல் தொடங்கி 2025இல் முடிந்தது. கதைக்கு நான்காண்டு, நடித்த சிறார்க்கு ஒன்பதாண்டு. இறுதித் தொகுதியில் பள்ளிச் சிறாராக வருவோர் உண்மையில் இருபதாண்டு கடந்தோர்.

இயந்திரக் குழந்தையும் இவ்விடர்ப்பாட்டினின்றும் தப்பவில்லை. ‘ஸ்மால் வொண்டர்’ என்னும் தொடர் 1985 முதல் 1989 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பாயிற்று. நம் நாட்டிலும் பலர் அதனைக் கண்டுள்ளனர். அதில் வரும் விக்கி என்பாள் பொறியாற் செய்யப்பெற்ற சிறுமி. பொறிக்கு வளர்ச்சி இல்லை. ஆயின் அவ்வேடம் புனைந்த சிறுமி வளர்ந்தாள். எனவே, செய்தவனே அவளை மூத்தவளாகத் திருத்தியமைத்தான் என்று கதை புனைய வேண்டியதாயிற்று. இவற்றுக்கெல்லாம் புறம்பாக நிற்பது 2019இல் வெளிவந்த ‘மண்டலோரியன்’ என்னும் தொடரின் மகவு. அதற்கு வயது ஐம்பது என்பர். எனினும் தொட்டிலினின்று இறங்கா மகவாகவே அது உளது. அஃது இயல்வதற்குக் காரணம், அதனை நடிப்பது உயிருள்ள குழந்தை அன்று, பாவை என்பதே.

இச்சான்றுகளால் ஓர் உண்மை போதரும். தொலைக்காட்சியில் குழந்தையின் வயது பிறழ்வதற்கு முதற்காரணம் புலவனின் கருத்து அன்று, நடிக்கும் உடம்பே. உடம்பு கதையை முந்துகின்றது. அல்லது கதை தன் தேவைக்காக உடம்பை மாற்றுகின்றது. பின்னர் அதற்கொரு காரணம் கற்பிக்கப்பெறுகின்றது. ‘இனத்தின் இயல்பு’ என்பதும், ‘பொறியின் திருத்தம்’ என்பதும் அவ்வாறு பின்னர் வந்த காரணங்களே.

பருவமும் ஆண்டும்

இனி, தமிழ் மரபு குழந்தையின் வயதினை எவ்வாறு கையாண்டது என்பதனை நோக்குவாம். நம் இலக்கியத்துள் மூவகைக் காலக் கணக்குகள் காணப்பெறுகின்றன. அவற்றைப் பருவக் கணக்கு, நிலைத்த கணக்கு, கழிந்த ஆண்டின் கணக்கு எனப் பெயரிட்டு வழங்கலாம்.

பருவக் கணக்கிற்குச் சிறந்த சான்று பிள்ளைத்தமிழ். குழவியைப் பாடுதற்குத் தொல்காப்பியர் புறத்திணையியலில் இடம் வகுத்தார். பின்வந்த பாட்டியல் நூலார் காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்து, மூன்றாம் திங்கள் முதல் இருபத்தொன்றாம் திங்கள் ஈறாகக் காலமும் வரையறுத்தனர். அவற்றுள் ஒற்றைப்பட்ட திங்களைக் கொள்ளும் மரபும் உண்டு. 3 முதல் 21 வரை ஒற்றைப்பட்ட திங்களை எண்ணின் அவை பத்தாதல் காண்க. பருவமும் பத்து, திங்களும் பத்து. ஆண்டு வரையில் காலத்தை நீட்டிக் கூறுவாரும் உளர்.

எனினும், பிள்ளைத்தமிழில் குழந்தை வளர்வதில்லை என்பது கருதத்தக்கது. செங்கீரையாடும் குழவி ஒரு படிமம். சிறுதேர் உருட்டும் குழவி பிறிதொரு படிமம். முன்னது பின்னதாக மாறிய கதையைப் புலவன் கூறுவதில்லை. ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கனைப் பிள்ளையாக்கிப் பாடினார். ஆட்சியும் வென்றியும் உடைய வேந்தன் என்றே அந்நூல் அவனைப் புகழ்கின்றது. ஆயினும் சப்பாணி கொட்டுமாறு அவனை வேண்டுகின்றது. இதனை வயதுப் பிறழ்ச்சி என்று கூறுவார் ஒருவரும் இலர். ஏன்? கேட்போரும் பாடுவோரும் முன்னரே உடன்பட்ட வழக்கு அது. வேந்தனின் வயது ஈண்டுக் கணக்கிடப்பெறவில்லை. அவன்பால் கொண்ட அன்பே குழவி வடிவு பெற்றது.

நிலைத்த கணக்கிற்குச் சான்று மார்க்கண்டேயர் வரலாறு. கந்தபுராணம் அதனை விரித்துரைக்கின்றது. பதினாறு ஆண்டே வாழ்நாள் என்று பிறந்த மகன், இறையருளால் என்றும் பதினாறாண்டினனாய் நிலைபெற்றான். காலனை வென்றான் என்பதன் பொருளே அவன் ஆண்டு ஏறாமை. வளராமை இக்கதையின் பிழை அன்று, பயனே அதுவாகும்.

உலா இலக்கியத்தில் வேறொரு வகையான வரையறை உளது. மகளிர் பருவம் ஏழு. பெருவழக்கான கணக்கின்படி பேதைக்கு 5 முதல் 7. பெதும்பைக்கு 8 முதல் 11. மங்கைக்கு 12, 13. மடந்தைக்கு 14 முதல் 19. அரிவைக்கு 20 முதல் 25. தெரிவைக்கு 26 முதல் 31. பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. உலாவிலும் ஒருத்தி பேதையினின்று பெதும்பையாக வளர்வதில்லை. எழுவரும் ஒரே பொழுதில் ஒரே தெருவில் நிற்பர். ஆயினும் ஆண்டின் எல்லை ஐயமற வகுக்கப்பெற்றுள்ளது. இவ்வெல்லையை நினைவிற் கொள்ளுதல் பூம்பாவை வரலாற்றினை உணர்தற்கு இன்றியமையாதது.

பூம்பாவையின் ஐந்தாண்டு

இரண்டாம் குலோத்துங்கன் 1133 முதல் 1150 வரை ஆண்டவன். அநபாயன் என்று சேக்கிழார் போற்றும் சோழன் இவனே என்பது அறிஞர் பெரும்பாலார் துணிபு. ஆகவே, வேந்தனை ஆண்டுக்கணக்கின்றிக் குழவியாக்கிய நூலும், குழந்தையின் ஆண்டினை எண்ணிக் கூறிய நூலும் ஒரு வேந்தனின் காலத்தன என்பது பெறப்படும். இரண்டு முறையும் அக்காலத்தார்க்குத் தெரிந்திருந்தன. எவ்விடத்து எம்முறை வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

ஆளுடைய பிள்ளையாரின் தொண்டைநாட்டுச் செலவு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் தலங்கள் பலவற்றின் வழியே நிகழ்ந்தது. திருவாலங்காடு, திருப்பாசூர், திருவெண்பாக்கம் ஆகியவற்றைப் போற்றிக் காளத்தி சென்று, பின்னர்த் திருவேற்காடு, திருவலிதாயம் வழியாகத் திருவொற்றியூர் அடைந்தார் என்பர். அங்கிருந்து மயிலைக்கு அவரை எதிர்கொண்டழைத்தவர் சிவநேசர் என்னும் வணிகர். அவருடைய மகள் பூம்பாவை. அவளைப் பிள்ளையார்க்கே உரியவள் என்று தந்தை முன்னரே மொழிந்திருந்தார். ஏழாண்டு எய்திய காலத்து மலர் கொய்யச் சென்ற அவள் அரவு தீண்டி இறந்தாள். எரியூட்டிய பின்னர் எலும்பினையும் நீற்றினையும் குடத்தில் இட்டுக் கன்னிமாடத்தில் வைத்துக் காத்தார் சிவநேசர். உயிருடன் இருந்தாற்செய்யும் சிறப்பெல்லாம் அக்குடத்திற்கு நாள்தோறும் செய்துவந்தார்.

ஈண்டு ஒன்று கருதுக. தந்தை அக்குடத்தை வெறும் நினைவுப் பொருளாகக் கொள்ளவில்லை. உணவும் மலரும் அணையும் விளக்கும் அமைத்து, மகளுக்கு நாள் கழிகின்றது என்றே கொண்டார். எனவே, குடத்துள் காலம் நின்றுவிடவில்லை. சேக்கிழார் பின்னர்க் கூறப்போகும் வளர்ச்சிக்கு இச்செயலே அடிப்படை.

பிள்ளையார் மயிலைத் திருக்கோயிலின் முன் அக்குடத்தை வருவித்துப் பதிகம் பாடினார். அப்பதிகத்துள் பூம்பாவையின் வயதும் இல்லை, அரவும் இல்லை. உள்ளவை விழாக்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனத் திங்கள் முறையே அடுக்கி, இவற்றைக் காணாது போதல் தகுமோ என்று அவளை நோக்கி வினவுகின்றார். ஆண்டொன்றின் சுழற்சி முழுவதும் அப்பதிகத்துள் அமைந்துள்ளது. இழந்தவை யாவை என்பதனை ஆண்டின் எண்ணால் கூறாது, காணாத விழாக்களால் கூறுகின்றது பதிகம். சிறுமி ஒருத்திக்கு ஆண்டு என்பது அதுவே அன்றோ?

பதிகத்தில் இல்லாத எண்ணைச் சேக்கிழார் தருகின்றார். முதற் பாடலில் உடம்பு உருப்பெற்றது. அடுத்த எட்டுப் பாடல்களில் பன்னீராண்டின் வளர்ச்சி நிரம்பியது. சமணரைக் கூறும் பாடலில் குடம் உடைந்து அவள் வெளிப்பட்டாள் என்பது அவர் கூறும் முறை. ஏழும் பன்னிரண்டும் என்னும் இரண்டு எண்களினின்று இடைப்பட்டன ஐந்தாண்டு என்பது பெறப்படும். மேலே கூறிய மகளிர் பருவ எல்லையோடு பொருத்தி நோக்கின், ஏழு என்பது பேதைப் பருவத்தின் இறுதி. பன்னிரண்டு என்பது மங்கைப் பருவத்தின் தொடக்கம். எட்டு முதல் பதினொன்று வரையுள்ள பெதும்பைப் பருவம் முழுவதும் குடத்துள் கழிந்தது. ஒரு பருவம் முற்றாக இழக்கப்பெற்றது. இழந்த பருவத்தின் ஆண்டுகள் மட்டும் உடம்பில் ஏறின.

பன்னிரண்டு என்னும் எண் எற்றுக்கு? சிலப்பதிகாரத்தில் மணம் பெறுங்காலத்துக் கண்ணகிக்கு அகவை பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு. பூம்பாவை எழுந்து நின்ற பொழுது பிள்ளையார்க்கு அகவை பதினாறு என்று சேக்கிழார் அவ்விடத்தே குறிக்கின்றார். மணத்திற்குரிய இருவரின் அகவை இவ்வாறு நேர்நிற்கின்றது. அப்போதுதான் சிவநேசர் தம் மகளை ஏற்றருளுமாறு வேண்டுகின்றார். பிள்ளையாரோ, தம்மால் உயிர்பெற்றவள் தமக்கு மகளாவாள் என்று மறுத்தருளுகின்றார். ஏழாண்டுச் சிறுமியாகவே அவள் எழுந்திருப்பின் இவ்வேண்டுகோளுக்கு இடமில்லை, மறுப்பிற்கும் பொருளில்லை. உடம்பின் ஆண்டினால் மணமகளாகத் தக்கவள், உயிரின் பிறப்பினால் அன்று பிறந்த மகவு. இவ்விரு வயதும் ஒருத்திபால் மாறுபட்டு நிற்றலே அப்பகுதியின் உயிர்நிலை. பின்னர் அவள் கன்னிமாடத்திலேயே வாழ்ந்து சிவனடி சேர்ந்தாள்.

முதலை தந்த மைந்தன்

இரண்டாவது சான்று கொங்குநாட்டுத் திருப்புக்கொளியூர் வரலாறு. அவ்வூர் இக்காலத்து அவிநாசி என வழங்கும். சுந்தரர் அவ்வூர்த் தெருவிற் செல்லுங்கால் ஒரு மனையில் மங்கல ஒலியும், எதிர்மனையில் அழுகை ஒலியும் கேட்டார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொருகால் மடுவில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. தப்பியவனுக்கு அன்று பூணூல் மங்கலம் நிகழ்ந்தது. எதிர்மனையில் அழுதவர் மகனை இழந்த பெற்றோர்.

அத்தாய் அன்று அழுதது ஏன்? மகன் இறந்த துயர் பழையது. அன்று புதிதாக நேர்ந்தது, அவனோடொத்த சிறுவன் வளர்ந்து ஒரு நிலையை எய்தினமை. எதிர்மனைச் சிறுவன் அவளுக்குக் கண்முன் நிற்கும் ஓர் அளவுகோல். தன் மகன் இருந்திருப்பின் இன்று இவ்வளவினனாய் இருப்பான் என்பதனை அவனால் அவள் நாள்தோறும் அறிந்தாள். குழந்தையை இழந்தார் எவர்க்கும் இக்கணக்கு நெஞ்சினின்று நீங்குவதில்லை.

சுந்தரர் பதிகம் பாடினார். அதன் நான்காம் பாடலில், பிள்ளையைத் தருமாறு முதலைக்கும் காலனுக்கும் கட்டளையிடுக என்று இறைவனை வேண்டுகின்றார். முதலை கரையேறி மைந்தனைத் தந்தது. கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு அவன் வந்தான் என்பது சேக்கிழார் வாக்கின் கருத்து. பின்னர் அவனுக்கும் பூணூல் மங்கலம் நிகழ்ந்தது. ஐந்து வயதினனாகவே அவன் மீண்டிருப்பின், எதிர்மனைத் தோழனுக்கு இளையவனாய் நின்றிருப்பான். தாயின் அளவுகோல் என்றும் குறைகாட்டிக்கொண்டே இருந்திருக்கும். இருவரையும் ஒத்த நிலையில் நிறுத்தியதனால் அக்குறை நீங்கியது.

இவ்விரு வரலாறுகளுக்கும் மாறாக அமைந்தது சிறுத்தொண்டர் வரலாறு. பைரவ அடியார்க்கு உணவாக்கப்பெற்ற சீராளன், தந்தை அழைத்தவுடன் பள்ளியினின்று ஓடிவருபவன் போல வந்தான். அவனுக்கு வயது ஏறவில்லை. இதனைப் பிறழ்ச்சி எனல் பொருந்தாது. அவன் இறந்ததும் மீண்டதும் ஒரே நாள். கழிந்த ஆண்டு இன்மையின் ஏறிய ஆண்டும் இல்லை.

இம்மூன்றனையும் ஒருங்கு வைத்து நோக்கின் சேக்கிழார் கொண்ட நெறி புலனாகும். மீண்ட குழந்தைக்குக் கழிந்த காலம் எவ்வளவோ அவ்வளவே வளர்ச்சி. அதனின் மிகுவதும் இல்லை, குறைவதும் இல்லை. இறப்பு ஆண்டினை நிறுத்துவதில்லை. பெற்றோரின் நெஞ்சில் ஓடிய காலமே குழந்தையின் உடம்பிலும் ஓடியது.

நடிக்கும் உடம்பு

இவை படிக்கும் நூல்கள். நடிக்கும் கலைக்கு இந்நெறி பொருந்துமோ என்று ஒருவர் வினவலாம். வினா தக்கதே. ஆதலின் நம் நாட்டுக் கூத்தும் நாடகமும் இவ்விடர்ப்பாட்டினை எவ்வாறு எதிர்கொண்டன என்பதனையும் நோக்குதல் வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாவின்போது பாரதக் கூத்து நிகழ்கின்றது. அபிமன்யு பதினாறாண்டு இளைஞன். அவ்வேடம் கட்டுபவரோ பெரும்பாலும் வளர்ந்த ஆடவர்; நடுவயது கடந்தவராகவும் இருப்பர். திரையின் பின் நின்று தன்னை இன்னான் எனப் பாடி அறிவித்த பின்னர், கட்டியங்காரன் வினவ, அவர் விடையிறுக்கின்றார். அவ்வளவில் அவையோர்க்கு அவர் இளைஞனாகின்றார். கூத்தில் வயதினை நிலைநிறுத்துவது சொல்லே, உடம்பு அன்று. பல்லாண்டு ஒருவரே அவ்வேடம் கட்டினும் அபிமன்யுவிற்கு ஆண்டு ஏறுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பாலர் நாடகக் குழுக்கள் இதற்கு மறுதலையானவை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவராய் அதிற் சேர்ந்தனர். அங்குச் சிறுவரே வேந்தராயினர், முனிவராயினர், மகளிருமாயினர். அக்குழுக்கள் அஞ்சியது ஒன்றனையே. அதற்கு நாடக உலகத்தார் இட்ட பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று பதினான்கு வயதளவில் சிறுவனின் குரல் உடையுங்காலத்து, அதுகாறும் பாடிய பாட்டு அவனுக்கு எட்டாமற் போகும். பெண்வேடம் நீங்கும், சிலர்க்குப் பிழைப்பே நீங்கும். உடம்பின் வளர்ச்சியை மறைக்க அவர்கள் கதையைத் திருத்தவில்லை. வேடத்தைப் பிறனுக்கு மாற்றினர். கதை காக்கப்பெற்றது, சிறுவனோ கைவிடப்பெற்றான். இவ்வரலாற்றின் இப்பக்கமும் மறக்கத்தக்கது அன்று.

தொலைக்காட்சித் தொடர் இவ்விரண்டனுள் எதனையும் பின்பற்ற இயலாத நிலையினது. அண்மைக் காட்சியில் முகம் காட்டுவதால், கூத்தினைப் போல வளர்ந்தவரைக் குழந்தை என்று சொல்லால் நிறுத்த அதற்கு இயலாது. ஆண்டுக்கணக்கில் நீள்வதால், ஓரிரவில் முடியும் நாடகம் போலவும் அமைய இயலாது. ஆகவே அதன் இடர்ப்பாடு உண்மையானது, எள்ளத்தக்கது அன்று.

ஒப்புநோக்கு

இனி மாணவரின் வினாவிற்கு வருவாம். 1984இல் வெளிவந்த ‘வி’ என்னும் தொடரில் எலிசபெத் என்னும் மகவு, வேற்றுலகினனுக்கும் மண்ணுலக மகளுக்கும் பிறந்தது. அது மிக விரைந்து வளர்ந்து, பின்னர்க் கூட்டுப்புழுப் போல ஒரு கூட்டினுள் அடங்கிக் குமரியாக வெளிப்படுகின்றது. கூடும் குடமும் ஒன்று போலத் தோன்றும். பிறந்த சில திங்களில் குமரியானமைக்குக் காரணம் கதைக்குக் குமரி வேண்டியிருந்தமையே. பூம்பாவை பன்னீராண்டினளாய் எழுந்தமைக்கும் கதையின் தேவை காரணம் அன்றோ என்று தடை எழலாம். அத்தடையை மறுத்தற்கில்லை. மணத்திற்குரிய அகவை சேக்கிழார்க்கு வேண்டியிருந்தது என்பதனை மேலே யாமே காட்டினோம்.

வேறுபாடு தேவையில் இல்லை, கணக்கில் உளது. எலிசபெத்தின் உடம்பில் ஏறிய ஆண்டுகள் ஒருவராலும் வாழப்பெறாதவை, எங்கிருந்தோ வந்தவை. பூம்பாவையின் உடம்பில் ஏறிய ஐந்தாண்டு, சிவநேசர் குடத்தின் முன் விளக்கேற்றிக் கழித்த ஐந்தாண்டு. முதலையுண்ட மைந்தனின் வளர்ச்சி, எதிர்மனையைக் கண்டு கண்டு தாய் கழித்த ஆண்டுகள். குழந்தைக்கு ஏறிய ஒவ்வோராண்டிற்கும் அதனைக் கழித்தவர் ஒருவர் கதைக்குள் இருக்கின்றார். அலெக்சாண்டர் எட்டாண்டில் வீரனாய் நிற்கின்றான். அவனை வளர்த்த ஆண்டுகளைக் கழித்தவர் எவர் என்று தேடின் விடை நிரம்புவதில்லை. மகனை அறியாத தந்தையின் வருத்தத்தை அத்தொடர் கூற முயல்கின்றது என்பது உண்மை. ஆயின் தந்தை இழந்த ஆண்டுகளும் மகன் வளர்ந்த ஆண்டுகளும் எண்ணால் ஒவ்வாமையின் அவ்வருத்தம் காண்போர் நெஞ்சிற் பதியாது நழுவுகின்றது.

பிள்ளைத்தமிழும் மார்க்கண்டேயர் கதையும் ஆண்டினை எண்ணுவோம் என்று வாக்குத் தருவதில்லை. எனவே அவை வாக்குப் பிழைப்பதும் இல்லை. அறிபுனைத் தொடரோ நாளும் ஆண்டும் குறித்துக் கதை கூறுகின்றது. எண்ணுவோம் என்று தொடங்கிய பின்னர் எண்ணாதொழிதலே பிழையாகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், தமிழ் மரபு குழந்தையின் வயதினைப் பருவமாகவும், நிலைத்ததாகவும், கழிந்த ஆண்டாகவும் மூவகையாற் கொண்டது என்பதும், மீண்டுவரும் குழந்தையின் வரலாற்றில் மட்டும் கழிந்த ஆண்டின் கணக்கினை வழுவாது காத்தது என்பதும், அக்கணக்கு பெற்றோரின் இழப்பினையே அளவாகக் கொண்டது என்பதும், அறிபுனைத் தொடரின் பிறழ்ச்சி நடிக்கும் உடம்பினால் நேர்வது என்பதும் விளங்கும். தோற்றத்தால் ஒப்பன இவை; அடிப்படையால் வேறாயின.

ஒன்று கூறி அமைவாம். மீண்ட மைந்தனுக்கு ஆண்டு கிடைத்தது. அவன் நடை பழகிய பின் நிகழ்ந்த வளர்ச்சியைக் காணும் பேறு தாய்க்குக் கிடைக்கவில்லை. சேக்கிழார் அதனைத் திருப்பித் தரவில்லை. தந்ததாகக் காட்டவும் இல்லை. பெதும்பைப் பருவத்துப் பூம்பாவையைச் சிவநேசர் கண்டிலர். அருளாலும் மீளாதது ஒன்று உண்டு என்பதனை அந்நூல் உரையாமல் உணர்த்துகின்றது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்து வரும் தந்தை உறங்கும் குழந்தையையே காண்கின்றான். வடநாட்டினின்று வந்து அங்கு உழைப்பவன், ஆண்டு கழித்து ஊர் திரும்புங்கால், தான் விட்டு வந்த குழந்தையைக் காண்பதில்லை. வளர்ந்த வேறொரு குழந்தையைக் காண்கின்றான். மகவின் திடீர் வளர்ச்சி அவர்க்கெல்லாம் அறிபுனை அன்று. வினவிய மாணவரின் தந்தையும் அத்தகைய தொழிலாளரே என்பதனைப் பின்னர் அறிந்தோம். அவ்வினா எங்கிருந்து எழுந்தது என்பதும் அதன்பின்னரே எமக்குத் தெளிவாயிற்று.

பெரியபுராணத்துக் குழந்தைகளின் ஆண்டினை எண்ணி வைத்த சேக்கிழாரை, 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பிள்ளைத்தமிழ் பாடிக் குழந்தையாக்கினார். அங்கு அவர்க்கு ஆண்டு ஏறுவதில்லை. இருவகைக் கணக்கும் ஒருவர்பால் வந்து கூடிய அந்நயமும், தொண்டைநாட்டுக் கூத்து மரபில் குழந்தை வேடங்களின் வரலாறும் தனியே ஆராய்தற்குரியன. இளைய ஆராய்ச்சியாளர் அவற்றை மேற்கொள்வாராக.